பெயர்ப்பலகை இல்லாத ஸ்டேஷன்

மும்பையிலும் தானே, டோம்பிவிலி பக்கமும் நம்மவர்கள் வீட்டுக்குப் போனால், காபி வருவதற்கு முன் ஒரு செல்போன் என் கைக்கு வந்துவிடுகிறது. "நம்ம வீட்டு வைஃபை பேரே இதுல வரமாட்டேங்குது, கொஞ்சம் பாருங்க சார்" என்கிறார்கள். ரயில்வேயில் சிக்னல், டெலிகாம் பிரிவில் முப்பத்தேழு வருடம் இருந்து ஓய்வு பெற்றவன் நான். கம்பியில் போகும் பேச்சானாலும் காற்றில் போகும் பேச்சானாலும் இவனுக்குத் தெரியாமல் இருக்காது என்று அவர்களுக்கு ஒரு நம்பிக்கை. அதைக் கெடுப்பானேன் என்று நானும் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவேன்.

பல வீடுகளில் கோளாறு எதுவும் இருப்பதில்லை. ரூட்டர் நன்றாகவே வேலை செய்கிறது. யாரோ வேண்டுமென்றே அதன் பெயரை மறைத்து வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். ரூட்டரின் அமைப்புப் பக்கத்தில் 'ஹைடு எஸ்எஸ்ஐடி' என்று ஒரு சிறு கட்டம் இருக்கும். எஸ்எஸ்ஐடி என்றதும் மிரள வேண்டாம், வைஃபைக்கு நாம் வைக்கும் பெயர்தான் அது. அந்தக் கட்டத்தில் ஒரு டிக் அடித்தால் பக்கத்து வீட்டுக்காரர் போனில் நம் பெயர் தெரியாது. நம் போனிலும் தெரியாது! பெயர் தெரியாவிட்டால் யாரும் உள்ளே நுழைய முடியாது என்பது மறைத்தவர்களின் எண்ணம்.

இந்த எண்ணம் வேரூன்றியதற்கு நம் ஊரில் ஒரு காரணமும் உண்டு. 2008 ஜூலை 26 அன்று அகமதாபாத்தில் குண்டுகள் அடுத்தடுத்து வெடித்தன. அதற்குச் சில நிமிடங்கள் முன்பு ஊடகங்களுக்கு ஒரு மின்னஞ்சல் வந்திருந்தது. அதன் தடத்தைப் பிடித்துக்கொண்டு போன போலீஸார் போய் நின்ற இடம், நவி மும்பை சான்பாடாவில் ஓர் அமெரிக்கர் குடியிருந்த வீடு. அவருடைய வைஃபைக்குப் பூட்டே கிடையாது. யாரோ அதில் புகுந்து கடிதத்தை அனுப்பிவிட்டார்கள். அடுத்த மாதம் வந்த இன்னொரு மின்னஞ்சலின் தடம் நம் மாட்டுங்காவில் ஒரு கல்லூரியின் வைஃபையில் போய் முடிந்தது. மாட்டுங்கா என்றதும் நம்மவர்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை. 2009-ல் தொலைத்தொடர்புத் துறை, வைஃபையைப் பூட்டி வைப்பது பற்றி இணையச் சேவை நிறுவனங்களுக்கு உத்தரவு அனுப்பியது. அந்தச் சமயத்தில் பயந்துபோய்ப் பெயரை மறைத்தவர்கள் சிலரை எனக்கே தெரியும்.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சான்பாடா வீட்டில் நடந்ததற்குக் காரணம் பெயர் தெரிந்தது அல்ல. பூட்டு இல்லாதது.

பெயரை மறைத்தால் உண்மையில் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். ரூட்டர் ஒரு நிமிடமும் சும்மா இருப்பதில்லை. வினாடிக்குச் சுமார் பத்து முறை, "நான் இங்கே இருக்கிறேன், இந்தச் சானலில் இருக்கிறேன், என் பூட்டு இன்ன வகை" என்று கலங்கரை விளக்கம் மாதிரி அறிவித்துக்கொண்டே இருக்கும். அந்த அறிவிப்பில் பெயருக்கென்று ஓர் இடம் உண்டு. நாம் டிக் அடித்தால் அந்த இடம் மட்டும் காலியாகிறது. அறிவிப்பு நிற்பதில்லை. ரூட்டரின் பிறவி எண்ணும் சானலும் முன்போலவே காற்றில் போய்க்கொண்டுதான் இருக்கும். பிளாட்பாரம், சிக்னல், தண்டவாளம் எல்லாவற்றையும் அப்படியே விட்டுவிட்டுப் பெயர்ப்பலகையை மட்டும் கழற்றிய ஸ்டேஷன் அது.

பெயர்ப்பலகையைக் கழற்றிப் பார்த்தவர்களும் உண்டு. 1940-ல், ஜெர்மன் படை வந்து இறங்கிவிடும் என்ற பயத்தில், இங்கிலாந்தில் ரயில் நிலையங்களின் பெயர்களை அகற்றினார்கள். ஜெர்மானியர்கள் வரவில்லை. இருட்டடிப்புக் காலத்தில் தங்கள் ஊர் எது என்று தெரியாமல் திண்டாடியவர்கள் உள்ளூர்ப் பிரயாணிகள்தான்.

பெயரை மறைத்த வீட்டில் அந்தப் பிரயாணி யார் தெரியுமா? உங்கள் போன். பெயர் தெரிகிற ரூட்டர் என்றால், போன் காதைத் தீட்டிக்கொண்டு பேசாமல் இருந்தாலே போதும், பெயர் தானாக வந்து விழும். மறைத்த ரூட்டர் என்றால் போன்தான் வாய் திறந்து கேட்க வேண்டும். அது தூங்கி எழுந்த பிரயாணி ஜன்னல் வழியே தலையை நீட்டி, "இது விருத்தாசலமா, இது விருத்தாசலமா" என்று வழியிலுள்ள ஒவ்வொரு ஸ்டேஷனிலும் கேட்கிற கதை. உங்கள் போன் தாதரில் கேட்கும், ஆஸ்பத்திரி வரிசையில் கேட்கும், கல்யாண மண்டபத்தில் கேட்கும். வீட்டில் யாரும் அறியக் கூடாது என்று மறைத்த பெயரை ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரியும். அந்தக் குரலைக் கேட்ட ஒருவன் "விருத்தாசலம்" என்று ஒரு போலிப் பலகையைத் தூக்கிக் காட்டவும் முடியும். உங்கள் பாஸ்வேர்டு பலமானதாக இருந்தால் அவனுக்குப் பெரிதாகப் பிரயோஜனமில்லை. சொத்தையானதாக இருந்தால், உட்கார்ந்து ஊகித்துப் பார்க்க அவனுக்கு ஒரு பிடி கிடைத்துவிடுகிறது.

அது போகட்டும். வீட்டு வாசலிலேயே நின்று கேட்பவனுக்கு இவ்வளவு சிரமமும் வேண்டாம். வீட்டில் யாராவது ஒருவர் போனை இணைக்கும்போது பெயர் காற்றில் வெளிப்படையாகத்தான் போகும். அதைப் பிடித்துக் காட்டும் மென்பொருள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன.

இதையெல்லாம் சொன்ன பிறகும், "இருக்கட்டும் சார், மறைச்சே வெச்சுக்கறோம், இணைக்கிற வழியை மட்டும் சொல்லுங்க" என்பவர்கள் உண்டு. அலுவலகத்திலோ மகன் வீட்டிலோ மறைத்து வைத்திருந்தால் நமக்கும் வேறு வழியில்லை. ஆகவே அதையும் சொல்கிறேன்.

முதலில் மூன்று விஷயங்களைக் காகிதத்தில் எழுதிக்கொள்ளுங்கள்: பெயர், பூட்டின் வகை, பாஸ்வேர்டு. பெயரை எழுத்துக்கு எழுத்து அப்படியே எழுத வேண்டும். ஆங்கிலத்தில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து வேறுபாடு உண்டு. நடுவில் ஓர் இடைவெளி இருந்தால் அதுவும் பெயரில் சேர்த்திதான். பெயர் தெரிகிற வைஃபையில் நாம் விரலால் தொட்டுத் தேர்ந்தெடுக்கிறோம், எழுத்துப் பிழைக்கு வாய்ப்பில்லை. இங்கே நாமே அடிப்பதால் முக்கால்வாசித் தொல்லை இதில்தான் வருகிறது. கடைசியில் தெரியாமல் ஓர் இடைவெளியை அடித்துவிட்டு அரைமணி நேரம் போராடியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ஆண்ட்ராய்டு போனில் வைஃபை பட்டியலின் அடியில் 'ஆட் நெட்வொர்க்' என்று இருக்கும். அதைத் தொட்டுப் பெயரை அடியுங்கள். பூட்டின் வகையில் பெரும்பாலான வீடுகளுக்கு 'டபிள்யூபிஏ2' சரியாக இருக்கும். பிறகு பாஸ்வேர்டு. இத்துடன் நிறுத்திவிட்டால் போன் இணையாமலே போகலாம். 'அட்வான்ஸ்டு' பகுதியைத் திறந்து, 'ஹிடன் நெட்வொர்க்' என்ற இடத்தில் 'யெஸ்' என்று மாற்ற வேண்டும். பிரயாணிக்கு வாய் திறந்து கேட்க அனுமதி கொடுக்கும் இடம் இதுதான். இதனால் பாதுகாப்புக் குறையலாம் என்று போனே அங்கு எச்சரிக்கும். ஐபோனில் பட்டியலின் கடைசியில் உள்ள 'அதர்' என்பதைத் தொட வேண்டும். அதுவும் பிறகு தனியுரிமை பற்றி முணுமுணுக்கும். விண்டோஸ் கம்ப்யூட்டரில் 'ஹிடன் நெட்வொர்க்' என்றே பட்டியலில் ஒரு வரி வரும்.

டி.வி.யிலும் பெயரைக் கையால் அடிக்க வழி இருக்கும். ரிமோட்டில் ஒவ்வோர் எழுத்தாகத் தேட வேண்டும், பொறுமை வேண்டும். தகராறு செய்பவை பிரிண்டர், கேமரா, வைஃபை பிளக் போன்ற சின்னச் சாமான்கள். இவற்றில் பல, பட்டியலில் தெரியும் பெயரைத் தேர்ந்தெடுக்க மட்டுமே தெரிந்தவை. ரூட்டரிலுள்ள டபிள்யூபிஎஸ் பொத்தானை அழுத்தி இணைக்கலாமே என்றால், பெயரை மறைத்ததும் பொதுவாக அந்த வசதியும் போய்விடும். அப்போது பெயரைத் தற்காலிகமாக வெளியே காட்டி, சாமானை இணைத்து, மறுபடி மறைத்துப் பார்க்கலாம். சில ஒட்டிக்கொள்ளும். சில மின்சாரம் போய் வந்ததும் வழி தெரியாமல் நிற்கும்.

இந்த மறைத்தலால் ஒரு வீட்டில் என்ன ஆயிற்று என்பதைச் சொல்ல வேண்டும். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து இங்கேயே நாற்பது வருடமாக இருக்கும் குடும்பம். வீட்டுக்காரர் கெட்டிக்காரர், எதையும் தானே செய்பவர். பெயரை மறைத்தவர் அவர்தான். திடீரென்று மாரடைப்பில் போய்விட்டார். காரியங்களெல்லாம் முடிந்து பெண் துபாய்க்குத் திரும்பிய மறுவாரம் அந்த அம்மாவின் போன் கீழே விழுந்து உடைந்தது. புதுப் போன் வாங்கினார்கள். அதில் அக்கம்பக்கத்து வீடுகளின் பெயரெல்லாம் வந்தது, சொந்த வீட்டின் பெயர் வரவில்லை. அந்தக் கட்டடத்தில் சிம் சிக்னலும் சரியாகக் கிடைக்காது. பன்னிரண்டு நாள் பெண்ணின் முகத்தைப் பார்க்காமல் இருந்திருக்கிறார்.

"எல்லாத்தையும் அவுகளே பாத்துக்கிடுவாக, அண்ணாச்சி. அந்தப் பெட்டிக்குப் பேரு உண்டுங்கிறதே எனக்கு இப்பத்தான் தெரியும்" என்றார்.

யாரோ ஒரு பையன் ரூட்டரின் பின்னாலுள்ள துளையில் ஊசியை விட்டு ரீசெட் செய்துவிடலாம் என்று சொல்லியிருக்கிறான். நல்லவேளை, செய்யவில்லை. இணைய நிறுவனம் அதில் பதிந்து வைத்த விவரமும் அதோடு அழிந்துபோய், உள்ள இணைப்பும் போயிருக்கும்.

கூடத்து டி.வி. மட்டும் இன்னும் இணைந்தே இருந்தது. அதன் நெட்வொர்க் பக்கத்தைத் திறந்தேன். பெயர் அங்கே இருந்தது, மனைவி பெயரும் பெண் பெயரும் சேர்த்து. அந்த அம்மா கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் சமையலறைப் பக்கம் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

பெயர் கிடைத்தது, பாஸ்வேர்டு வேண்டுமே? டி.வி. அதைக் காட்டாது. என் லேப்டாப்பைக் கேபிள் போட்டு ரூட்டரில் செருகி, அமைப்புப் பக்கத்தைத் திறந்தேன். அந்தப் பக்கத்துக்குள் நுழையும் பாஸ்வேர்டு, பெட்டியின் அடியில் தொழிற்சாலையில் ஒட்டிய சீட்டில் இருந்தபடியே மாற்றாமல் இருந்தது. பெயரை அவ்வளவு கவனமாக மறைத்த வீட்டில் இந்தப் பூட்டு மட்டும் வந்தபடியே இருந்தது எனக்கு ஆச்சரியமில்லை. பல வீடுகளில் இப்படித்தான். டிக்கை எடுத்துவிட்டு, அந்த அம்மாவுக்கு நினைவிருக்கக்கூடிய ஒரு நீளமான புதுப் பாஸ்வேர்டு போட்டேன், ரூட்டர் பக்கத்தின் பாஸ்வேர்டையும் மாற்றினேன். பெயரை மட்டும் மாற்றவில்லை. துபாயிலிருந்து பெண் பேசும்போது நான் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தேன்.

ஆகவே பெயர் வெளியில் தெரியட்டும், பூட்டு மட்டும் கெட்டியாக இருக்கட்டும் என்பது என் கட்சி. வைஃபையின் முதல் பூட்டான 'வெப்' 2001-லேயே உடைக்கப்பட்டுவிட்டது. பழைய ரூட்டரில் அது இருந்தால் ரூட்டரையே மாற்றிவிடுங்கள். 2004-ல் வந்த டபிள்யூபிஏ2 வீட்டுக்குப் போதும். 2018-ல் அறிவிக்கப்பட்ட டபிள்யூபிஏ3 உங்கள் ரூட்டரிலும் போன்களிலும் இருந்தால் இன்னும் நல்லது. பாஸ்வேர்டு 8 எழுத்திலிருந்து 63 எழுத்துவரை இருக்கலாம். எட்டோடு நிறுத்தாதீர்கள். செல் நம்பரும் கட்டட எண்ணும் எல்லோருக்கும் தெரிந்தவை. ஒன்றோடொன்று சம்பந்தமில்லாத நான்கைந்து தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் கோத்துப் போட்டால் நமக்கு மறக்காது, பிறருக்கு ஊகிக்க வராது. விருந்தினருக்கு 'கெஸ்ட் நெட்வொர்க்' என்று தனியாக ஒன்றைத் திறந்து கொடுத்தால், அவர்கள் ஊருக்குப் போனபின் மூடிவிடலாம்.

பெயர், பாஸ்வேர்டு, ரூட்டர் பக்கத்தின் பாஸ்வேர்டு மூன்றையும் எழுதி, ரேஷன் கார்டு இருக்கும் இடத்தில் வையுங்கள். வீட்டில் இன்னொருவருக்கும் அந்த இடம் தெரிந்திருக்கட்டும். ஆண்ட்ராய்டு போனில் வைஃபை விவரத்தில் 'ஷேர்' என்று தொட்டால் சதுரக் கட்டப் படம் ஒன்று வரும். இன்னொரு போனின் கேமராவை அதன் முன் காட்டினால், எழுத்தே அடிக்காமல் இணைந்துவிடும். பெயரை மறைத்த வைஃபைக்கும் இது உதவும், ஏனென்றால் மறைத்தது என்ற குறிப்பையும் அந்தப் படத்திலேயே சேர்க்க இடம் உண்டு. அதையும் அச்செடுத்து அதே உறையில் போடலாம்.

பெயரைத் தமிழிலேயே வைக்கலாமா என்று ஓர் அன்பர் கேட்டார். தாராளமாக வைக்கலாம், பல ரூட்டர்கள் ஏற்றுக்கொள்ளும். பெயருக்கு 32 பைட் இடம்தான். ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட் போதும். தமிழில் ஒவ்வொரு குறியீட்டுக்கும் மூன்று வேண்டும், புள்ளியும் கொக்கியும் தனித்தனிக் கணக்கு. 'திருவள்ளுவர்' என்று எழுதினால் 36 ஆகிறது, இடம் போதாது. 'வள்ளுவர்' 24-ல் அடங்கிவிடுவார்.