கிராமத்தின் ஆயுளை அளப்பது எப்படி?

ஒரு கிராமம் இன்று செழிப்பாயிருக்கிறதா என்பதைக் கண்ணால் கண்டு சொல்லிவிடலாம். அடுத்த தலைமுறையிலும் அது செழிப்பாயிருக்குமா என்பதை அளந்துதான் சொல்ல வேண்டும். இவ்விரண்டுக்குமுள்ள வேற்றுமையைப் பஞ்சாயத்து அங்கத்தினர்கள் நன்குணர்தல் அவசியம்.

2015-இல் உலக நாடுகள் ஒன்றுகூடி, நிலைத்த வளர்ச்சிக்கென 17 இலட்சியங்களை வகுத்தன. அவற்றைக் கிராம அளவில் கணிப்பதற்காக நம் நாட்டில் பஞ்சாயத்து முன்னேற்றக் குறியீடு ஏற்பட்டது. வறுமை ஒழிப்பு, சுகாதாரம், போதிய நீர், நல்லாட்சி முதலிய 9 தலைப்புகளில் மதிப்பெண் அளிக்கப்படுகிறது. 2022-23ஆம் ஆண்டுக்கான முடிவுகள் 2025-இல் வெளியாயின. கணக்கில் கொள்ளப்பட்ட 2,16,285 பஞ்சாயத்துகளில் ஒன்றேனும் நூற்றுக்குத் தொண்ணூறை எட்டவில்லை.

இக்குறியீடு பயனுள்ளதே. ஆயினும் அது ஓராண்டின் நிலையைக் காட்டுவது. கிராமத்தின் ஆயுளோ பல்லாண்டுக் கணக்கு. அக்கணக்கை ஊராரே எழுதி வருதல் வேண்டும்.

நமது தென்காசி வட்டாரத்தையே எடுத்துக்கொள்வோம். குற்றால மலையில் தோன்றும் சிற்றாறு, அணைக்கட்டுகளின் வழியே கால்வாய்களிற் பிரிந்து குளங்களை நிரப்பி, சீவலப்பேரியில் தாமிரபரணியோடு கலக்கிறது. தென்மேற்குப் பருவமழையால் கார் சாகுபடியும், வடகிழக்குப் பருவமழையால் பிசானச் சாகுபடியும் நடைபெறுகின்றன. அருவியில் நீர் விழுவது இயற்கையின் செயல். அதைக் குளத்தில் நிறுத்தி வைப்பது ஊராரின் செயல். ஆகவே முதலில் அளக்க வேண்டியது குளமேயாகும்.

50 ஹெக்டேர் பரப்புள்ள ஒரு குளத்தில் 10 சென்டிமீட்டர் வண்டல் படிந்தால், 5 கோடி லிட்டர் நீருக்கான இடம் போய்விடுகிறது. ஓர் ஏக்கர் நெல்லுக்குச் சுமார் 50 லட்சம் லிட்டர் நீர் தேவை என்று கொண்டால், அது 10 ஏக்கர் நெல்லுக்கான நீராகும். குளம் நிரம்பி மறுகால் பாய்வதைக் கண்டு நாம் மகிழ்ந்திருக்கும்போதே இந்நஷ்டம் நிகழ்கிறது. மடையருகே ஓர் அளவுகல் நாட்டி நீர்மட்டத்தைக் குறித்துவருவதும், கோடையில் குளம் வற்றியதும் வண்டலின் கனத்தை அளப்பதும் எளிய வேலைகளே.

இரண்டாவது, கிணறு. இரு கிராமங்களில் ஒரே அளவு விளைச்சல் என்று வைத்துக்கொள்வோம். ஒன்றில் கிணற்று நீர்மட்டம் ஆண்டுதோறும் ஒரே நிலையிலிருக்கிறது. மற்றொன்றில் ஆண்டுதோறும் ஆழப்படுத்த நேருகிறது. முன்னது வட்டியில் வாழும் குடும்பம். பின்னது முதலைச் செலவழிக்கும் குடும்பம். விளைச்சல் கணக்கு இவ்வேற்றுமையைக் காட்டாது. கிணற்றில் இறக்கும் கயிறு காட்டிவிடும்.

மூன்றாவது, மண். மண்வள அட்டையிலுள்ள கரிமச் சத்தின் அளவு கூடுகிறதா, குறைகிறதா என்று பார்த்தல் வேண்டும்.

நான்காவது, மக்கள். பள்ளியில் புதிதாகச் சேரும் குழந்தைகள் எத்தனை பேர், விவசாயத்தில் நிலைத்திருக்கும் இளைஞர்கள் எத்தனை பேர், குடிமராமத்துக்கு மனமுவந்து வந்தோர் எத்தனை பேர் என்பனவற்றைப் பதிவு செய்யலாம். நீரும் நிலமுமிருந்து, பேண ஆளில்லையேல் பயனில்லை.

அளவு எடுப்பதில் ஒரு விதி முக்கியம்: ஒரே இடத்தில், ஒரே நாளில், ஒரே முறையில் அளத்தல் வேண்டும். கிணறுகளை மழைக்காலம் முடிந்தபின் ஜனவரி 26 அன்றும், கார் பருவத்திற்கு முன் மே 1 அன்றும் அளந்து, அன்றைய கிராம சபையிலேயே படித்துக் காட்டலாம். பக்கத்தில் அவ்வாண்டின் மழையளவையும் எழுதுக. மழை குறைந்து நீர்மட்டம் தாழ்ந்தால் காரணம் வானம். மழை குறையாதிருந்தும் ஆண்டுக்காண்டு தாழ்ந்துவந்தால் காரணம் நாம். 2023 டிசம்பரில் கொட்டியது போன்ற ஒரு பெருமழையைக் கொண்டோ, ஒரு வறட்சியைக் கொண்டோ முடிவு கட்டிவிடலாகாது. பத்தாண்டுக் குறிப்பு சேர்ந்தால் கிராமத்தின் போக்கு தெளிவாகப் புலப்படும்.

இதற்குப் பெரும் பொருட்செலவு வேண்டுவதில்லை. ஒரு நோட்டுப் புத்தகம், ஓர் அளவுகோல், பொறுப்பேற்கும் இருவர் இருந்தாற் போதும். பதவிக்காலம் முடிந்து செல்லும் ஒவ்வொரு பஞ்சாயத்தும் இந்நோட்டை அடுத்து வருவோரிடம் ஒப்படைக்குமாயின், அதுவே கிராமத்திற்கு விட்டுச் செல்லும் நல்ல ஆஸ்தியாகும்.