முதல் பாடம்: விழுவது எப்படி?

எட்டாம் வகுப்பில் இயற்கணிதம் நடத்திக்கொண்டிருந்தேன். கரும்பலகைக்கு வந்து ஒரு கணக்கைச் செய்யும்படி ஒரு மாணவியை அழைத்தேன். "பயமா இருக்கு சார்" என்றாள். "இதுல பயப்பட என்னம்மா இருக்கு? சும்மா வா" என்றேன். வந்தாள். சுண்ணக்கட்டியைப் பிடித்தபடி ஐந்து நிமிடம் நின்றாள். ஓர் எழுத்தும் எழுதவில்லை. அவளை இடத்துக்குப் போகச் சொல்லிவிட்டு வேறொரு மாணவனை அழைத்தேன். அன்றைக்கு அது எனக்குப் பெரிய விஷயமாகத் தெரியவில்லை.

மூன்று வாரம் கழித்து, ஜப்பானில் ஒரு பனிச்சரிவின் உச்சியில் உட்கார்ந்துகொண்டு அதே சொற்களை நான் சொன்னேன். "பயமா இருக்குடா." என் நண்பனும் நான் சொன்ன அதே பதிலைச் சொன்னான். "இதுல பயப்பட என்னடா இருக்கு? சும்மா வா." அந்த நிமிடத்தில்தான் அந்த மாணவியின் முகம் என் நினைவுக்கு வந்தது.

என் வயது 46. பிறந்து வளர்ந்தது, பணி செய்வது எல்லாம் இராமநாதபுரம் மாவட்டத்தில். பனி என்றால் மார்கழிக் காலையில் புல்லின் மேல் நிற்பது மட்டும்தான் எனக்கு. பள்ளியில் உடன் படித்த நண்பன் ஒருவன் பல ஆண்டுகளாக டோக்கியோவில் வேலை செய்கிறான். "ஒரு தடவை வந்துட்டுப் போ வாத்தியாரே" என்று அவன் அழைத்துக்கொண்டே இருந்தான். தடையின்மைச் சான்று பெற்று, அரையாண்டு விடுமுறையில் இன்னொரு நண்பனோடு புறப்பட்டேன். ஸ்னோபோர்டு எனப்படும் பனிச்சறுக்குப் பலகையில் ஏறப்போகிறோம் என்பதை அவர்கள் அங்கே போன பிறகுதான் சொன்னார்கள். அவர்கள் இருவரும் முன்பே கற்றவர்கள்.

அந்த மூன்று நாட்களில் பனிச்சறுக்கு எப்படிக் கற்பிக்கப்படுகிறது என்பதை மாணவனாக இருந்து பார்த்தேன். கற்பிப்பதையே தொழிலாகக் கொண்ட நமக்கு அதில் எடுத்துக்கொள்ளச் சில உண்டு.

சுரங்கத்துக்கு அப்பால் பனி

டோக்கியோவிலிருந்து நீகாட்டா மாநிலத்தின் யுசாவா ஊருக்குப் புல்லட் ரயிலில் ஏறத்தாழ 80 நிமிடப் பயணம். டோக்கியோவில் நல்ல வெயில். வழியில் 22 கிலோமீட்டருக்கும் அதிக நீளமுள்ள டாய்ஷிமிசு சுரங்கப்பாதைக்குள் ரயில் நுழைந்தது. வெளியே வந்தபோது கூரை, மரம், வயல் எல்லாம் வெள்ளை. ஒரே மலையின் இரு பக்கங்களில் இரண்டு வானிலை.

காரணம் நாம் பாடத்தில் நடத்துவதுதான். குளிர்காலத்தில் சைபீரியாவிலிருந்து கடுங்குளிரான வறண்ட காற்று வீசுகிறது. ஜப்பான் கடலில் சுஷிமா என்னும் வெப்ப நீரோட்டம் ஓடுவதால் அதன் நீர் காற்றைவிட வெதுவெதுப்பானது. கடலைக் கடக்கும்போது காற்று ஏராளமான நீராவியை எடுத்துக்கொள்கிறது. பிறகு ஜப்பானின் நடுவிலுள்ள மலைகளில் மோதி மேலெழுந்து குளிர்ந்து, பனியாகக் கொட்டிவிடுகிறது. ஈரத்தை இழந்த காற்று மறுபக்கம் இறங்குவதால் டோக்கியோவில் வெயில். தென்மேற்குப் பருவக்காற்று மேற்குத் தொடர்ச்சி மலையில் மோதிக் கேரளத்தில் மழையாகப் பெய்ய, நம் பக்கம் மழை மறைவுப் பகுதியாவதும் இதே கதைதான். அங்கே மழைக்குப் பதில் பனி.

யுசாவாவின் சாலை நடுவே வரிசையாகச் சிறு துளைகள் இருந்தன. அவற்றின் வழியே நிலத்தடி நீர் பீய்ச்சி, விழும் பனியை உருக்குகிறது. நிலத்தடி நீர் குளிர்காலத்திலும் காற்றைவிட வெதுவெதுப்பாக இருப்பதால் இது முடிகிறது. நீரிலுள்ள இரும்பினால் சாலை செம்பழுப்பு நிறமாகிக் கிடந்தது.

பலகையின் இயற்பியல்

ஸ்கீ என்பதில் காலுக்கு ஒன்றாக இரு பட்டைகள், கையில் இரு கோல்கள். ஸ்னோபோர்டில் ஒரே பலகை, கோல் கிடையாது. இரு கால்களும் பலகையின் குறுக்கே வாரால் பிணைக்கப்பட்டிருக்கும். எந்தக் கால் முன்னால் என்பது ஆளுக்கு ஆள் மாறும். பின்னாலிருந்து மெல்லத் தள்ளினால் எந்தக் காலை முதலில் எடுத்து வைக்கிறோமோ, பெரும்பாலும் அதுவே முன்கால். பலகை, காலணி, உடை, ஹெல்மெட் எல்லாம் அங்கேயே வாடகைக்குக் கிடைக்கும்.

பலகையின் இரு நீளப் பக்கங்களிலும் எஃகு விளிம்பு உண்டு. ஒன்று கால்விரல் பக்கம், மற்றது குதிகால் பக்கம். பலகையைச் சரிவுக்குக் குறுக்கே வைத்து, மேல் பக்க விளிம்பைப் பனியில் அழுத்தினால் நிற்கும். அழுத்தத்தைச் சற்றுக் குறைத்தால் மெல்ல வழுக்கும். முழுதும் தட்டையாக்கினால் கீழ்ப்பக்க விளிம்பு பனியில் மாட்டி, ஆளைத் தூக்கி எறியும். பலகையின் முனையைப் பள்ளத்தை நோக்கித் திருப்பினால் வேகமெடுக்கும். தொடங்குபவர் கற்க வேண்டிய அறிவியல் இவ்வளவுதான். நண்பன் இதை ரயிலிலேயே சொல்லிவிட்டான். எனக்கும் புரிந்துவிட்டது. புரிவது வேறு, செய்வது வேறு என்று மறுநாள் தெரிந்தது.

நண்பர்கள் நடத்திய பாடம்

முதல் நாள் அடிவாரத்தில் பத்து நிமிடம் நின்று பழகினேன். "போதும், மேல போனா தானா வந்துரும்" என்றார்கள். நாற்காலி லிஃப்டில் ஏற்றினார்கள். மேலே இறங்கும் இடத்தில் தடுமாறி விழுந்தேன். பணியாளர் லிஃப்டை நிறுத்த, பின்னால் வந்த எல்லோரும் அந்தரத்தில் காத்திருந்தார்கள். ஜப்பானில் சரிவின் கடினத்தை நிறத்தால் குறிப்பார்கள். தொடக்கநிலைக்குப் பச்சை, இடைநிலைக்குச் சிவப்பு, தேர்ந்தவர்களுக்குக் கருப்பு. அது பச்சைச் சரிவுதான். ஆனால் மேலிருந்து பார்த்த எனக்கு அது கிணறு மாதிரி தெரிந்தது.

எழுந்தேன், விழுந்தேன். இருபதுக்கு மேல் எண்ணவில்லை. ஒவ்வொரு முறையும் பயத்தில் உடல் தானாகப் பின்னால் சாய்ந்தது. சிக்கல் அங்கேதான். பலகையைத் திருப்புவது முன்காலில் இருக்கும் எடை. பின்னால் சாய்ந்தால் முன்பக்கம் லேசாகிவிடும், பலகை சொன்னபடி கேட்காது, வேகம் கூடும். வேகம் கூடினால் பயம் கூடும், இன்னும் சாய்வோம். நம்மைக் காக்க நினைத்து உடல் செய்வதே நம்மை விழவைக்கிறது.

"முன்னாடி சாயுடா" என்று இருவரும் கத்தினார்கள். சொன்னது சரிதான். அதைக் கேட்கும் நிலையில் நான் இல்லை. ஆறேழு வயதுப் பிள்ளைகள் என்னைக் கடந்து போனார்கள். கடைசியில் பலகையைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, ஓரமாக நடந்தே கீழே வந்தேன். நண்பர்கள் கேலி செய்யவில்லை. அது இன்னும் கூச்சமாக இருந்தது. இரவு உணவின்போது, "நாளைக்கு நான் அறையிலேயே இருக்கேன், நீங்க போயிட்டு வாங்க" என்றேன். என் மாணவி தன் இடத்துக்குத் திரும்பிப் போனதும் இப்படித்தான் இருந்திருக்கும்.

பயிற்றுநர் நடத்திய பாடம்

காலையில் டோக்கியோ நண்பன், "எங்களுக்குச் சொல்லிக்குடுக்கத் தெரியல மாப்ள. தெரிஞ்சவங்ககிட்ட ஒரு தடவை கத்துப் பாரு" என்று தொடக்கநிலை வகுப்பில் பணம் கட்டிவிட்டான். இரண்டு மணி நேரம், ஐந்து பேர். பயிற்றுநர் இளம்பெண், என் மூத்த மாணவிகளின் வயதிருக்கும். அவருக்குச் சில ஆங்கிலச் சொற்கள்தான் தெரியும்.

பலகையைக் காலில் மாட்டச் சொல்லவே இல்லை. சமதளத்தில் வெறும் காலணியோடு நிறுத்தி, முதலில் விழச் சொன்னார். முன்னால் விழுவதானால் முழங்காலை மடக்கித் தாழ்ந்து, கையை மூடி, முன்கையில் விழ வேண்டும். பின்னால் விழுவதானால் உட்காருவதுபோல் இறங்கி, தாடையை நெஞ்சோடு சேர்த்து, கைகளை மார்போடு வைத்துக்கொள்ள வேண்டும். உள்ளங்கையை ஊன்றவே கூடாது. புதியவர்களுக்கு அதிகம் அடிபடுவது மணிக்கட்டில்தான். ஐந்து பேரும் மாறி மாறி விழுந்தோம், சிரித்தோம். அவரும் எங்களோடு விழுந்து காட்டினார்.

"உகேமி" என்றார் அவர். ஜூடோவில் அடிபடாமல் விழும் முறைக்கு அந்தப் பெயர். எதிராளியை வீழ்த்தக் கற்பதற்கு முன் மாணவர் கற்பது அதைத்தான். ஜப்பானில் 2012 முதல் கீழ்நிலை இடைநிலைப் பள்ளிகளில் தற்காப்புக் கலை கட்டாயப் பாடம். ஜூடோ கற்கும் பிள்ளைகளுக்கு, சரியாக விழுவதும் பாடத்திட்டத்தின் ஒரு பகுதிதான்.

அடுத்து ஒரு காலை மட்டும் பலகையில் மாட்டி நடந்தோம். பிறகு ஏழெட்டு மீட்டர் நீளமுள்ள, தானே சமதளத்தில் முடியும் ஒரு மேடு. அங்கே விழுந்தாலும் பலகை நின்றுவிடும், ஓட இடமில்லை. அதன் பிறகு நிற்கும் முறை. குதிகால் விளிம்பை அழுத்து, நில். தளர்த்து, வழுக்கு. மறுபடி அழுத்து, நில். நினைத்த இடத்தில் நிற்க முடிகிறது என்று தெரிந்தபோது என் உடல் சாய்வதை நிறுத்தியது. யாரும் முன்னால் சாயச் சொல்லவில்லை.

கடைசியாக, மரத்திலிருந்து விழும் இலை இடமும் வலமுமாக அசைந்து இறங்குவதுபோல, சரிவில் குறுக்காக அங்கும் இங்கும் போய் இறங்கும் முறை. போகும் பக்கம் பார்க்கச் சொன்னார். காலைப் பார்த்தால் விழுவோம். பார்வை திரும்பும் பக்கம் தோள் திரும்பும், தோள் திரும்பும் பக்கம் பலகை திரும்பும். நான் விழுந்தபோதெல்லாம் அவர் சொன்னது இரண்டே சொற்கள்தான். "தாய்ஜோபு", அதாவது பரவாயில்லை. "மோ இக்காய்", அதாவது இன்னொரு தடவை. ஏன் விழுந்தாய் என்று கேட்கவில்லை.

மூன்றாம் நாள் அதே பச்சைச் சரிவில் நண்பர்களோடு இறங்கினேன். நான்கு முறை விழுந்தேன். கீழே வந்து சேர முக்கால் மணி நேரம் ஆயிற்று. ஆனால் பலகையின் மேல் நின்றபடியே வந்து சேர்ந்தேன்.

கற்றுக்கொண்ட நாடு

பனிச்சறுக்கு ஜப்பானியர்களுக்கும் ஒருவர் கற்றுக்கொடுத்ததுதான். 1911 ஜனவரி 12 அன்று, இதே நீகாட்டா மாநிலத்தின் தகாடாவில், ஆஸ்திரிய-ஹங்கேரிய இராணுவ அதிகாரி தியோடர் ஃபான் லெர்ஹ் ஜப்பானிய வீரர்களுக்கு ஸ்கீ கற்பிக்கத் தொடங்கினார். ஜப்பானிய இராணுவத்தைப் பற்றித் தெரிந்துகொள்ள வந்தவர், ஆசிரியரானார். அந்த நாள் இன்றும் அங்கே ஸ்கீ நாள். ஸ்னோபோர்டு அதற்கும் இளையது. ஒலிம்பிக்கில் அது முதன்முதலாகச் சேர்க்கப்பட்டது 1998இல், ஜப்பானின் நாகானோவில். நீகாட்டாவின் முராகாமியில் வளர்ந்த அயுமு ஹிரானோ 2014, 2018 ஒலிம்பிக்குகளில் வெள்ளி வென்று, 2022 பெய்ஜிங்கில் தங்கம் வென்றார். கற்க வந்த நாடு 111 ஆண்டுகளில் உலகுக்கு முன்னால் நிற்கிறது.

வகுப்பறைக்குத் திரும்பியபோது

என் நண்பர்கள் கெட்ட ஆசிரியர்கள் இல்லை. அவர்களுக்கு எல்லாம் பழகிவிட்டதால், எது கடினம் என்பதை மறந்துவிட்டார்கள். இருபது ஆண்டுகளாகச் சமன்பாட்டைத் தீர்த்துவரும் நானும் அப்படித்தான். "பயப்படாதே" என்பது அறிவுரை. பயத்தைப் போக்குவது வரிசை. முதலில் பாதுகாப்பாக விழுதல், அடுத்து நிறுத்துதல், அதன் பிறகே ஓடுதல்.

ஜனவரியில் என் வகுப்பில் சிலவற்றை மாற்றினேன். கரும்பலகைக்கு முதலில் நான் போய் ஒரு கணக்கைத் தவறாகச் செய்கிறேன். எந்த வரியில் விழுந்தேன் என்று மாணவர்கள் கண்டுபிடிக்கிறார்கள். அவர்கள் வரும்போது இருவராக வரலாம். முழுக் கணக்கும் வேண்டாம், ஒரு வரி எழுதினால் போதும். எந்த வரியிலும் "இது வரைக்கும்தான் சார் தெரியும்" என்று சொல்லி நிறுத்திக்கொள்ளலாம். நிறுத்துவது தோல்வி இல்லை என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எழுதிய தவறான வரியை நான் அழிப்பதில்லை. பக்கத்தில் சரியானதை இன்னொருவர் எழுதுவார்.

அந்த மாணவியிடம், பனியில் நான் விழுந்த கதையையும் பலகையைத் தூக்கிக்கொண்டு நடந்து வந்ததையும் சொன்னேன். வகுப்பே சிரித்தது, அவளும் சிரித்தாள். இரண்டாவது வாரம் தோழியோடு வந்து ஒரு வரி எழுதினாள். பிப்ரவரியில் ஒரு நாள் தனியாக வந்து மூன்று வரி எழுதினாள். மூன்றாவது வரியில் கழித்தல் குறியை விட்டுவிட்டாள். திரும்பி என்னைப் பார்த்தாள்.

"பரவாயில்லைம்மா. இன்னொரு தடவை" என்றேன்.