பிக்கப் வண்டிக்கு எந்த டிபரன்ஷியல் ஏற்றது?

காய்கறியையும் உர மூட்டையையும் ஏற்றிச் சென்ற மாட்டு வண்டியின் இடத்தைப் பல ஊர்களில் பிக்கப் வண்டி பிடித்துக்கொண்டது. பழைய வண்டி வாங்கும் விவசாயிகள் என்ஜினைப் பார்க்கிறார்கள், டயரைத் தட்டிப் பார்க்கிறார்கள். பின் அச்சின் நடுவே பூசணிக்காய் போல் தொங்கும் டிபரன்ஷியலைக் குனிந்து பார்ப்பவர் குறைவு. அது ஊளையிடத் தொடங்கி, "கிரௌன் போய்விட்டது" என்று மெக்கானிக் சொன்ன பிறகுதான் எதைப் போடுவது என்ற யோசனை வருகிறது. அவசரத்தில் தவறானதைப் போட்டால் ஒரு போக வருமானம் அதிலேயே கரைந்துவிடும்.

வண்டி வளைவில் திரும்பும்போது வெளிப்புறச் சக்கரம் அதிக தூரமும் உட்புறச் சக்கரம் குறைந்த தூரமும் ஓட வேண்டும். இரண்டையும் வெவ்வேறு வேகத்தில் சுழல விடுவதே டிபரன்ஷியலின் வேலை. ஆனால் இதில் ஒரு சங்கடம் உண்டு. சாதாரண டிபரன்ஷியல் இரு சக்கரங்களுக்கும் சமமான இழுவிசையே கொடுக்கும். ஒரு சக்கரம் சேற்றில் பிடியின்றிச் சுழன்றால், கெட்டித் தரையில் நிற்கும் மற்றதற்கும் அந்த அற்ப விசைதான் போகும். மழை பெய்த கரிசல் காட்டில் ஒரு சக்கரம் மட்டும் உறுமிச் சுற்ற, வண்டி அசையாமல் நிற்பது இதனால்தான்.

டிராக்டர் ஓட்டுபவர்களுக்கு இதற்கு மருந்து தெரியும். காலால் லாக்கை மிதித்தால் இரு சக்கரங்களும் ஒன்றாகச் சுழலும். மிதித்தபடி திருப்பினால் வண்டி திரும்ப மறுக்கும் என்பதும் தெரியும். பிக்கப்புக்கும் இத்தகைய வகைகள் உண்டு. சுவிட்சைத் தட்டினால் பூட்டுவது ஒன்று. சக்கரங்களின் சுழற்சியில் வித்தியாசம் மிகும்போது தானே பூட்டிக்கொள்வது ஒன்று. உள்ளே கிளட்ச் தகடுகள் வைத்து, பிடியுள்ள சக்கரத்துக்கும் ஓரளவு விசையைத் தள்ளுவது இன்னொன்று.

தினமும் தார் ரோட்டில் சந்தைக்குப் போய் வரும் வண்டிக்கு, என் கருத்தில், நல்ல நிலையிலுள்ள சாதாரண டிபரன்ஷியலே போதும். எப்போதும் பூட்டியே இருந்து வளைவில் மட்டும் விடுவிக்கும் பல்சக்கர வகை, திருப்பத்தில் வெட்டி இழுக்கும், டயரைத் தின்னும்; ஈர ரோட்டில் காலி வண்டியின் பின்புறத்தை வழுக்க வைக்கும். வருடத்தில் பல நாள் சேற்றுப் பாதையில்தான் போயாக வேண்டும் என்பவர்கள், சுவிட்ச் வகையையோ தானே பூட்டும் வகையையோ கம்பெனியே பொருத்திய வண்டியாகத் தேடுவது நல்லது. வருடத்தில் நாலு நாள் சிக்குவதற்காக அவ்வளவு செலவு வேண்டாம். டயர் காற்றைச் சற்றுக் குறைத்து, சுழலும் சக்கரத்தின் கீழ் தென்னை மட்டையோ சாக்கோ திணித்து மெல்ல எடுத்தால் பெரும்பாலும் ஏறிவிடும். ஆக்ஸிலேட்டரை மிதித்துக்கொண்டே இருந்தால் உள்ளே உள்ள சிறு பல்சக்கரங்கள் எரிந்து போகும்.

லாக்கைவிட முக்கியமானது பல் விகிதம். கிரௌனில் 41 பல், பினியனில் 11 பல் என்றால் விகிதம் 3.73. கிரௌனில் 39, பினியனில் 8 என்றால் 4.875. முதலாவது தட்டை ரோட்டில் டீசல் மிச்சம் தரும். இரண்டாவது அதே கியரில் சுமார் 30 சதவீதம் கூடுதலாக இழுக்கும். சுற்றளவு 2.1 மீட்டர் உள்ள டயரும் விகித மாற்றமற்ற நேர் கியரும் இருந்தால், 60 கிலோ மீட்டர் வேகத்தில் என்ஜின் முதலாவதில் நிமிடத்துக்குச் சுமார் 1,775 சுற்றும், இரண்டாவதில் 2,320 சுற்றும் சுழலும். காரவள்ளியிலிருந்து கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளைச் சுமையோடு ஏறும் வண்டிக்கும், ஒட்டன்சத்திரம் சந்தைக்குச் சமவெளியில் ஓடும் வண்டிக்கும் ஒரே விகிதம் பொருந்தாது. பெரிய டயர் மாட்டியவர்கள் விகிதம் குறைந்துவிட்டது போல் இழுவை தளர்வதைக் கவனித்திருப்பார்கள்.

கழித்த வண்டியின் பின் அச்சை வாங்குமுன் விகிதத்தை எண்ணிப் பார்க்கலாம். வண்டியில் இருக்கும்போதே பார்ப்பதாயின் என்ஜினை நிறுத்தி, முன் சக்கரங்களுக்கு இருபுறமும் கட்டை வைத்து, நியூட்ரலில் போட்டு, ஹேண்ட் பிரேக்கை விடுவித்து, ஒரு பின் சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்குங்கள். அச்சுக்குக் கீழே உறுதியான தாங்கி இருக்கட்டும். அந்தச் சக்கரத்தை இரண்டு முழுச் சுற்று சுற்றினால் புரொப்பல்லர் ஷாப்ட் எத்தனை சுற்று வருகிறதோ, அதுவே விகிதம். சாதாரண டிபரன்ஷியலுக்கே இக்கணக்கு பொருந்தும். லாக் அல்லது தகடு வகை வண்டியை ஒரு சக்கரம் தூக்கிய நிலையில் ஸ்டார்ட் செய்து கியர் போடவே கூடாது. தரையில் உள்ள சக்கரம் இழுத்து வண்டி ஜாக்கியை விட்டுக் குதித்துவிடும்.

கிரௌனும் பினியனும் ஜோடியாக உரசிப் பழக்கப்பட்டவை. ஒன்று மட்டும் தேய்ந்தது என்று ஒன்றை மட்டும் மாற்றினால் சத்தம் திரும்பி வரும். நேர் ஓட்டத்தில் ஊளை என்றால் கிரௌன், பினியன் அல்லது பேரிங்; திரும்பும்போது மட்டும் கடகடவென்றால் நடுவிலுள்ள சிறு பல்சக்கரங்கள். பொருத்தும் மெக்கானிக் பல் இடைவெளியை அளவுமானி வைத்துப் பார்க்கிறாரா, பல்லில் நிறம் தடவி அச்சு விழும் இடத்தைக் கவனிக்கிறாரா என்று பாருங்கள். அப்படிச் செய்பவருக்குக் கூலி கூட்டிக் கொடுக்கலாம். நான்கு சக்கர இழுவை வண்டியானால் முன் அச்சின் விகிதமும் பின்னதோடு ஒத்திருந்தே ஆக வேண்டும்.

வேறு மாடலின் அச்சு முழுவதையும் மாட்ட எண்ணுபவர்கள் முதலில் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் விசாரித்துக்கொள்ளுங்கள். பதிவுச் சான்றின் விவரங்கள் உற்பத்தியாளரின் அளவிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றுவதை, 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு தடுக்கிறது. விபத்து என்று வந்தால் காப்பீட்டுக்காரர் இதைத்தான் முதலில் கிளறுவார்.

எதைப் போட்டாலும் ஆயில் மட்டம் நிரப்பும் துளையின் விளிம்பு வரை இருக்க வேண்டும். வாய்க்கால் தண்ணீரில் அச்சு மூழ்கிய பின் சிறிது ஆயிலை எடுத்துப் பாருங்கள். மோர் போல் வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்துவிட்டது. அன்றே வடித்து மாற்றுங்கள். கிளட்ச் தகடு வகைக்கு அதற்கென்று உள்ள கலவை சேர்ந்த ஆயிலையே கேட்டு வாங்குங்கள்; சாதாரண கியர் ஆயில் ஊற்றினால் வளைவுகளில் தகடுகள் அதிர்ந்து கத்தும்.