மனச்சோர்வும் வேலையும்: இளையவருக்குக் குடும்பம் எவ்வாறு துணை நிற்கலாம்?

“மருந்து ஒழுங்காகச் சாப்பிடுகிறான், டாக்டர். இனி வேலைக்கு அனுப்பலாமா, இன்னும் கொஞ்ச நாள் வீட்டிலேயே இருக்கட்டுமா?” பாலசமுத்திரத்திலிருந்தும் சுற்றுவட்டார ஊர்களிலிருந்தும் வரும் பெற்றோர் எங்களிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. அவ்வேளையில் மகனோ மகளோ அருகிலேயே தலைகுனிந்து அமர்ந்திருப்பார். அவரிடம் யாரும் கேட்டிருக்கமாட்டார்கள்.

“முதலில் முழுதும் குணமாகட்டும், பிறகு பயிற்சி, அதன்பின் வேலை” என்றே மருத்துவர்களாகிய நாங்களும் நெடுங்காலம் கூறிவந்தோம். அந்தப் ‘பிறகு’ பலருக்கு வரவேயில்லை. அமெரிக்காவில் இராபர்ட் டிரேக், டெபோரா பெக்கர் ஆகியோர் உருவாக்கி, 1990களில் பரவிய முறை இவ்வரிசையை மாற்றியது. வேலை செய்ய விரும்பும் நோயாளிக்கு, நீண்ட முன்பயிற்சிக்காகக் காத்திராமல், அவர் விரும்பும் வேலையைத் தேடித் தந்து, சேர்ந்த பின்னும் துணை நிற்பதே அம்முறை. கடுமையான மனநோய் உடையோரிடம் பல நாடுகளில் நடந்த ஆய்வுகளில், பழைய முறையைவிட இது நல்ல பலன் தந்துள்ளது. சென்னையில் டாக்டர் சாரதா மேனன் 1984இல் தொடங்கிய ஸ்கார்ஃப் நிறுவனமும் தொழில்சார் மறுவாழ்வைச் சிகிச்சையின் ஓர் அங்கமாகவே கருதுகிறது.

மனச்சோர்வு சோம்பல் அன்று, நோய். மருந்து தொடங்கிய பின் பொதுவாக 2 முதல் 4 வாரங்களில் மாற்றம் தெரியத் தொடங்கும். பலருக்கு உறக்கமும் பசியும் முதலில் சீராகும். ஊக்கமும் கவனமும் தாமதமாகவே திரும்பும். இந்த இடைவெளியில்தான் “நன்றாகத்தானே சாப்பிடுகிறாய், வேலைக்குப் போனால் என்ன?” என்ற சொல் வீட்டில் எழுகிறது. அச்சொல் நோயாளியின் குற்றவுணர்வை மேலும் பெருக்கும்.

குடும்பத்தார் செய்யத்தக்கவை

முதலில், அவருடைய விருப்பத்தைக் கேளுங்கள். பொறியியல் படித்தவர் சில மாதங்கள் உறவினர் கடையில் கணக்கு எழுத விரும்பினால், அதைத் தாழ்வாக எண்ண வேண்டா.

வேலைக்கு முன் நாளுக்கு ஓர் ஒழுங்கு வேண்டும். குறித்த நேரத்தில் எழுதல், குளித்தல், அரைமணி நேரம் நடத்தல், வீட்டுக்கு ஒரு சிறு பொறுப்பு எனத் தொடங்கலாம்.

அரைநாள் வேலை நல்ல தொடக்கம். தென்னந்தோப்புக் கணக்கு, ஆயக்குடிக் கொய்யாச் சந்தை, பழனிக் கடைத்தெரு என அருகிலேயே வாய்ப்புகள் உள்ளன. நூற்பாலைகளின் இரவுப் பணிமுறை உறக்கத்தைக் குலைக்கும். தொடக்கத்தில் அதைத் தவிர்ப்பது நலம்.

நோயைப் பற்றி முதலாளியிடம் சொல்வதா என்பதை அவரே முடிவு செய்யட்டும். அவருக்குத் தெரியாமல் பெற்றோர் சென்று சொல்வது நம்பிக்கையைக் கெடுக்கும். 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் சிகிச்சை விவரங்கள் இரகசியமாகக் காக்கப்படும் உரிமையை நோயாளிக்கு வழங்குகிறது.

வேலை கிடைத்ததும் மருந்தை நிறுத்திவிடாதீர்கள். நலமடைந்த பின்னும் குறைந்தது 6 மாதங்கள் தொடர வேண்டும். காலை மாத்திரையால் பகலில் மயக்கம் வந்தால் எங்களிடம் கூறுங்கள். வேளையை மாற்ற இயலும்.

சட்டம் தரும் துணை

2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் மனநோயும் இடம்பெற்றுள்ளது. நோய் நீடித்து, 40 விழுக்காட்டுக்குக் குறையாத பாதிப்பு எனச் சான்று பெற்றவர்கள் அரசுப் பணி இடஒதுக்கீட்டுக்கு விண்ணப்பிக்கலாம். மனச்சோர்வு உடைய பெரும்பாலோருக்கு அந்நிலை வருவதில்லை, சிகிச்சையே போதுமானது.

காத்திருக்கக் கூடாத வேளை

வேலை கிடைக்காமையோ, கிடைத்த வேலை போவதோ சிலரை ஆழ்ந்த நம்பிக்கையின்மையில் தள்ளக்கூடும். “நான் உங்களுக்குப் பாரம்”, “இருந்து என்ன பயன்” என்பன போன்ற சொற்களை அலட்சியம் செய்யாதீர்கள். சாக எண்ணம் வருகிறதா என்று நேரடியாகவே கேளுங்கள். கேட்பதால் அவ்வெண்ணம் தூண்டப்படாது. தனியே விடாது உடனே அழைத்து வாருங்கள். தோட்டத்துப் பூச்சிக்கொல்லிகளை வீட்டில் வைக்காதீர்கள். இயலாவிடில் பூட்டி வைத்துச் சாவியை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். 14416 என்ற ‘டெலி மானஸ்’ எண்ணை எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம்.

முதல் மாதத்தில் இரண்டு நாள் போக முடியாமற்போனால் அது தோல்வி அன்று. மீண்டும் மூன்றாம் நாள் போனாரே என்பதைக் கணக்கில் கொள்ளுங்கள். அடுத்த முறை புறநோயாளிப் பிரிவுக்கு வரும்போது “வேலைக்கு அனுப்பலாமா?” என்று எங்களிடம் கேட்குமுன், “உனக்கு என்ன செய்யப் பிடிக்கும்?” என்று அவரிடம் கேட்டுவிட்டு வாருங்கள். அந்த விடையிலிருந்து நாம் சேர்ந்து தொடங்குவோம்.