பாட்டி ஒன்றாம் ஆண்டு, எனக்கு நெஞ்சு வலி

வெள்ளிக்கிழமை ராத்திரி பத்தே முக்காலுக்கு எனக்கு ஐந்தாவது முறையாக நெஞ்சு வலி வந்தது.

"மாமா, வலி இடது கைக்கு எறங்கணும். நீங்க வலது கையப் புடிக்கிறீங்க!"

அதட்டியது அக்கா மகள். செமிலிங்கில் உள்ள எய்ம்ஸ்ட் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படிக்கிறாள். அவள் தம்பி சுங்கை பட்டாணியில், சுல்தான் அப்துல் ஹலிம் ஆசிரியர் கல்விக் கழகத்தில் தமிழாசிரியராகப் பயிற்சி எடுக்கிறான். கெடாவில் பள்ளிக்கூடங்களுக்கு வெள்ளியும் சனியும்தான் விடுமுறை, ஞாயிறு காலையில் மணி அடித்துவிடும். அதனால் வெள்ளி ராத்திரி திகாம் பத்துவில் எங்கள் வீட்டு அஞ்சடி நிரம்பி வழியும். இந்தக் காலத்துப் பிள்ளைகள் என்னதான் படிக்கிறார்கள் என்று எட்டிப் பார்க்கலாமே என்று ஒரு தே தாரேயோடு போய் உட்கார்ந்தேன். தே ஆறுவதற்குள் என்னை நோயாளியாக்கிவிட்டார்கள்.

எனக்கு ஒரு சீட்டு கொடுத்தார்கள். வயது 58, சர்க்கரை உண்டு, காலையிலிருந்து நெஞ்சை அழுத்துகிறது, சிகரெட்டை விட்டு மூன்று வாரம். கேட்காமல் எதையும் நானாகச் சொல்லக் கூடாது. முக்கியமாக சிகரெட்டை. (சீட்டில் இல்லாத ஒரே உண்மை, எனக்குச் சிரிப்பை அடக்கத் தெரியாது.)

இதெல்லாம் ஒரு தேர்வுக்கு ஒத்திகை, அதற்கு 'ஆஸ்கி' என்று பெயராம். ஸ்காட்லாந்தின் டண்டியில் ரொனால்ட் ஹார்டன் என்ற பேராசிரியர் 1975-இல் சகாக்களோடு அறிமுகப்படுத்தியது, இன்று உலகம் பூராவும் ஓடுகிறது. வரிசையாக அறைகள், ஒவ்வொன்றிலும் ஒரு வேலை: ஒன்றில் நோயாளியிடம் பேச வேண்டும், இன்னொன்றில் வயிற்றை அமுக்கிப் பார்க்க வேண்டும். மணி அடித்ததும் பாதி வாக்கியத்தில் இருந்தாலும் எழுந்து அடுத்த அறைக்கு ஓட்டம். மூலையில் உட்கார்ந்திருக்கும் தேர்வாளர் ஒரு பட்டியலை வைத்துக்கொண்டு 'டிக்' போடுவார். இதில்தான் எனக்குத் தலை சுற்றியது. கை கழுவினால் மதிப்பெண்! தன் பெயரைச் சொல்லி, நோயாளியின் பெயரைக் கேட்டு, "தொட்டுப் பார்க்கலாமா?" என்று அனுமதி வாங்கினால் அதற்கும் மதிப்பெண்! இதயத்தின் நான்கு அறையையும் தூக்கத்தில் ஒப்பிக்கிறவள், வணக்கம் சொல்ல மறந்து இரண்டு தடவை கோட்டை விட்டாள்.

வலியைப் பற்றிக் கேட்க அவர்களிடம் எட்டெழுத்து மந்திரம் ஒன்று இருக்கிறது, பெயர் 'சாக்ரடீஸ்'. வலி எங்கே, எப்போது தொடங்கியது, எப்படிப்பட்டது, எங்கெல்லாம் பரவுகிறது என்று ஓர் ஆங்கில எழுத்துக்கு ஒரு கேள்வி. கேள்வி கேட்டே ஊரைக் குடைந்த கிரேக்கப் பெரியவர் இப்படி என் நெஞ்சுக்குள் வந்து உட்காருவார் என்று யார் கண்டது!

ஆனால் உண்மையான ஆட்டம் கிள்ளானிலிருந்து வந்து அக்கா மகளோடு படிக்கும் தோழியின் முறையில்தான் தொடங்கியது. இவர்கள் நோயாளிகளைப் பார்த்துப் பழகுவது சுங்கை பட்டாணி சுல்தான் அப்துல் ஹலிம் மருத்துவமனையில். அங்கே படுக்கையில் இருப்பவர்களில் பலர் கெடா மலாயில்தான் பேசுவார்கள். 'ஆயேர்' என்று பள்ளியில் படித்த தண்ணீர் இங்கே 'ஆயாக்'. வலி 'எப்படி' இருக்கிறது என்பதற்கு இங்கே 'லாகு மானா'. 'லாகு' என்றால் பாட்டு என்று மட்டும் தெரிந்த அந்தப் பெண், முதல் வாரம் தாதி சொன்ன 'லாகு மானா'வைக் கேட்டு, வார்டில் எந்தப் பாட்டைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று விழித்திருக்கிறாள். இப்போது அவள் கைப்பேசியில் ஒரு செயலிக்குள் தனிப் பட்டியலே இருக்கிறது, கெடாச் சொல் ஒரு பக்கம், பொருள் மறுபக்கம். மறந்த சொல்லை அந்தச் செயலி அடிக்கடி திருப்பிக் காட்டும், தெரிந்ததைத் தள்ளிப்போடும். மறதிக்கும் ஒரு கணக்கு உண்டு என்று எபிங்ஹவுஸ் என்ற ஜெர்மானியர் அர்த்தமில்லாத அசைகளைத் தானே மனப்பாடம் செய்து 1885-இல் புத்தகமே போட்டார். அந்தக் கணக்கு இன்று சோற்றுத் தட்டுக்குப் பக்கத்தில் ஓடுகிறது, ஒரு கை சாம்பாரில், ஒரு கை திரையில்.

மணி பதினொன்றரைக்கு மேடை தம்பிக்குப் போனது. மணிலா அட்டை, கத்தரிக்கோல், சுடு பசை என்று தரையெல்லாம் பயிற்றுத்துணைப் பொருள்கள். ஞாயிற்றுக்கிழமை அவன் பயிற்சி எடுக்கும் தமிழ்ப்பள்ளிக்கு விரிவுரையாளர் வந்து கடைசி வரிசையில் உட்காரப் போகிறார். அதற்கு முன் சின்ன வகுப்பு, சின்னப் பாடம் என்று ஒத்திகை பார்ப்பதும் 1960-களில் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகம் கிளப்பிவிட்டதுதான். அங்கே கேமரா வைத்தார்கள். இங்கே எங்கள் அம்மா.

அம்மா தோட்டப் பள்ளியில் மூன்றாம் வகுப்போடு நின்று பால்மரம் வெட்டப் போனவர். இன்றைக்கு அவர் ஒன்றாம் ஆண்டு மாணவி, சப்பணமிட்டு உட்கார்ந்திருக்கிறார்.

பீடிகை தொடங்கியது. துணி போட்டு மூடிய புதிர்ப்பெட்டி. "உள்ளே கைய விட்டு என்னன்னு சொல்லுங்க, மாணவி."

"பாம்பு கீம்பு இல்லல்ல?"

"பாட்டி, இல்ல! தடவிப் பாருங்க, எப்படி இருக்கு?"

"தாடி வச்ச மாதிரி இருக்கு, சார்."

ரம்புத்தான். சிரித்து முடிக்க ஐந்து நிமிடம் ஆயிற்று. தம்பி சிரிக்கவில்லை, குறிப்பேட்டை எடுத்து "தாடி" என்று எழுதிக்கொண்டான். ஞாயிற்றுக்கிழமை ஒரு பிள்ளையாவது அப்படிச் சொல்லும், தயாராக இருக்கணும் மாமா என்றான். அந்த இடத்தில் எனக்கு அவன் மேல் மரியாதையே வந்துவிட்டது.

செயற்கை நுண்ணறிவு எழுதித் தராதா என்று கேட்டேன். காட்டினான். வாசிப்புப் பகுதி கேட்டதற்கு, பொங்கல் விடுமுறைக்கு மாட்டு வண்டியில் கிராமத்துக்குப் போகும் முருகன் வந்திருந்தான். இங்கே பொங்கலுக்கு ஏது பொது விடுமுறை? தம்பி முருகனை மோட்டாரில் ஏற்றி பாசார் மாலாமுக்கு அனுப்பியிருந்தான்.

நடுவே அரை மணி நேரம் இரண்டு பேரும் 'மொபைல் லெஜெண்ட்ஸ்' விளையாடி ஒருவரை ஒருவர் கொன்றார்கள். பிறகு ஒன்றுமே நடக்காததுபோல எனக்கு மறுபடி நெஞ்சு வலி. இந்தத் தடவை அக்கா மகள் கை கழுவினாள், பெயர் சொன்னாள், சிகரெட்டையும் கறந்துவிட்டாள்.

நான் தூங்கப் போனபோது மணி இரண்டு. அம்மாவுக்குப் பெரட்டுக்குப் போன நாளிலிருந்து ஐந்து மணிக்கு மேல் தூக்கம் கிடையாது. காலையில் நான் எழுந்து வந்தபோது பிள்ளைகள் மணிலா அட்டைகளுக்கு நடுவே சுருண்டு கிடந்தார்கள். புதிர்ப்பெட்டியின் துணி விலகியிருந்தது. பக்கத்தில் ஒரு தட்டு, தட்டு நிறையத் தாடி.

"பாடந்தான் முடிஞ்சிருச்சேன்னு நெனச்சேன்லா" என்றார் அம்மா.