இங்கிலாந்துக்கு ஓர் இலக்கியப் பயணம்: கல்லூரிகள் எங்கே தொடங்க வேண்டும்?

ஆங்கில இலக்கிய மாணவர்களைக் கோடை விடுமுறையில் இங்கிலாந்துக்கு அழைத்துப் போகலாம் என்று ஒரு துறை முடிவெடுத்ததும், டூர் ஏஜென்சியின் அட்டவணை மேசைக்கு வந்துவிடுகிறது. பக்கிங்ஹாம் அரண்மனை, லண்டன் ஐ, மேடம் டுசாட்ஸ், நடுவே ஒரு மணி நேரம் ஷேக்ஸ்பியர் பிறந்த வீடு. சுற்றிப் பார்க்க நல்ல அட்டவணைதான். ஆனால் அதற்கு இலக்கியப் பயணம் என்று பெயர் வைக்கக் கூடாது. இலக்கியப் பயணத்தின் அட்டவணை பாடத்திட்டத்திலிருந்து பிறக்க வேண்டும். முதலில் நான்கைந்து நூல்கள், பிறகு அவை எழுதப்பட்ட இடங்கள். விமானமும் விடுதியும் அதற்குப் பிறகுதான்.

நம் பல்கலைக்கழகங்களின் பாடத்திட்டங்களில் அடிக்கடி இடம்பெறும் பெயர்களையே எடுத்துக்கொள்வோம்: ஷேக்ஸ்பியர், ஜேன் ஆஸ்டின், வேர்ட்ஸ்வொர்த், பிரான்டி சகோதரிகள். இவர்களை வைத்தே தெற்கிலிருந்து வடக்காக ஒரு பாதை போட்டுவிடலாம். லண்டன், வின்செஸ்டர், ஆக்ஸ்ஃபோர்டு, ஸ்ட்ராட்ஃபோர்டு, ஹாவர்த், கிராஸ்மியர். பன்னிரண்டு நாள் போதும். இதற்கு மேல் ஓர் ஊரைச் சேர்த்தால் ஒவ்வோர் ஊரிலும் நேரம் குறையும். சேர்க்க வேண்டாம் என்பதே என் கருத்து.

இவற்றில் அதிக நேரம் தர வேண்டிய ஊர் யார்க்‌ஷயரின் ஹாவர்த். அங்கே பிரான்டி குடும்பம் வாழ்ந்த பாதிரியார் இல்லம் 1928 முதல் அருங்காட்சியகம். வீட்டின் முன்னே கல்லறைத் தோட்டம், பின்னே புதர் மண்டிய வெட்டவெளி மேடு. சிறு வயதில் சார்லட்டும் தம்பி பிரான்வெல்லும் தங்கள் பொம்மைச் சிப்பாய்களுக்காகத் தைத்த குட்டிப் புத்தகங்களில் சில இங்கே இருக்கின்றன. தீப்பெட்டி அளவுதான் இருக்கும். அச்செழுத்து மாதிரியே பொடிப்பொடியாக எழுதியிருக்கிறார்கள். வெறுங்கண்ணால் படிப்பது கடினம். சார்லட் 14 வயதில் எழுதிய அப்படி ஒரு புத்தகத்தை 2019இல் பாரிஸ் ஏலத்தில் இந்த அருங்காட்சியகம் மீட்டு வாங்கியது. ‘ஜேன் ஐர்’ நாவலைத் தேர்வுக்காக மட்டும் படித்த மாணவியை அந்தக் கண்ணாடிப் பெட்டியின் முன் பத்து நிமிடம் நிற்கச் செய்ய வேண்டும்.

அடுத்த நாள் மேட்டின் மீது நடை. ‘வதரிங் ஹைட்ஸ்’ நாவலோடு சேர்த்துப் பேசப்படும் டாப் விதின்ஸ் என்ற பாழடைந்த பண்ணை வீடு மூன்று மைலுக்கு மேல் இருக்கிறது. கட்டடம் முழுதாக இருந்த காலத்திலும் எமிலி பிரான்டி வருணித்த வீட்டை அது ஒத்திருக்கவில்லை என்று பிரான்டி சங்கம் 1964இல் அங்கே ஒரு பலகை பதித்திருக்கிறது. புனைவுக்கும் நிலத்துக்கும் என்ன உறவு என்ற கேள்வியை நடத்த இதைவிட நல்ல வகுப்பறை கிடைக்காது. ஆசிரியர் அங்கேயே உட்கார்ந்து அரை மணி நேரம் பாடம் எடுக்க வேண்டும். அந்த மேட்டில் ஜூன் மாதத்திலும் குளிர்காற்று வீசும், மழை வரும். செருப்போடு வந்தவர் பாதி வழியில் திரும்ப வேண்டியதுதான்.

லண்டனில் செய்ய வேண்டிய வேலையும் இதோடு இணைந்ததே. நேஷனல் போர்ட்ரெய்ட் கேலரியில், பிரான்வெல் வரைந்த மூன்று சகோதரிகளின் ஓவியம் இருக்கிறது. சகோதரிகளுக்கு நடுவே தன்னை வரைந்து, பிறகு தானே அழித்துவிட்டார். அந்த இடம் ஒரு தூண்போல் தெரியும். பல்லாண்டுகள் அலமாரியின் மேல் மடித்துக் கிடந்து 1914இல் கண்டெடுக்கப்பட்டதால் மடிப்புத் தடங்களும் மறையவில்லை. அங்கே அனுமதி இலவசம். பிரிட்டிஷ் நூலகத்தின் அரும்பொருள் கூடமும் இலவசம்தான்.

லண்டனிலேயே ஷேக்ஸ்பியரின் குளோப் அரங்குக்குக் கட்டாயம் ஒரு மாலை ஒதுக்க வேண்டும். 1613இல் நாடகம் நடக்கும்போதே எரிந்துபோன பழைய அரங்கின் மாதிரியில் கட்டப்பட்டு 1997இல் திறக்கப்பட்டது இது. மேடைக்கு முன்னால் நின்று பார்க்கும் டிக்கெட் சில பவுண்டுகளுக்கே கிடைக்கும். கூரை கிடையாது, குடை பிடிக்கவும் விடமாட்டார்கள். அந்தப் பருவத்தில் அங்கே எந்த நாடகம் நடக்கிறதோ அதை மாணவர்கள் ஊரிலேயே படித்துவிட்டுப் போவது நல்லது.

வின்செஸ்டர் பேராலயத்தில் ஜேன் ஆஸ்டினின் கல்லறைக் கல்லை முழுதாகப் படிக்கச் சொல்லுங்கள். அவருடைய நற்குணமும் பக்தியும் அதில் விரிவாக இருக்கின்றன. நாவல் எழுதியவர் என்பதற்கு ஒரு சொல்லும் இல்லை. அதைச் சொல்லும் பித்தளைப் பட்டயம் 1872இல்தான் வைக்கப்பட்டது.

ஆக்ஸ்ஃபோர்டில் தமிழ் மாணவர்களுக்கென்றே ஓர் இடம் உண்டு. திருக்குறளையும் திருவாசகத்தையும் ஆங்கிலத்தில் பெயர்த்த ஜி.யு. போப் 1908இல் மறைந்து செயின்ட் செபல்கர் கல்லறைத் தோட்டத்தில் அடக்கமானார். தம்மைத் ‘தமிழ் மாணவன்’ என்று கல்லறையில் பொறிக்கச் சொன்னார் என்பது நாம் மேடைதோறும் கேட்கும் கதை. கல்லில் அப்படி இல்லை. குடும்பத்தாரும் தென்னிந்தியத் தமிழ் நண்பர்களும் சேர்ந்து வைத்த கல் இது என்றுதான் ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறது. கேட்ட கதையைவிட இந்த உண்மை எனக்குப் பெரிதாகப் படுகிறது.

இனி நாள் கணக்கு. நம் பருவத் தேர்வுகள் முடிந்து கல்லூரி திறப்பதற்குள் போய்வர வேண்டும். மே கடைசி வாரம் இங்கிலாந்தில் பள்ளிகளுக்கு ஒரு வார விடுமுறை, எங்கும் கூட்டமாக இருக்கும். அதைத் தவிர்த்து, மே நடுவிலோ ஜூன் தொடக்கத்திலோ போவது உத்தமம். அப்போது இரவு ஒன்பது மணி வரை வெளிச்சம் இருக்கும். ஜூலை கடைசியில் அங்கே நீண்ட விடுமுறை தொடங்கியதும் அறை வாடகை ஏறிவிடும்.

பிரிட்டன் பார்வையாளர் விசாவுக்குப் பயணத்துக்கு மூன்று மாதம் முன்பிருந்துதான் விண்ணப்பிக்கலாம். முடிவு தெரிய வழக்கமாக மூன்று வாரம். குழுவாகப் போனாலும் ஒவ்வொருவரும் தனித்தனியே விண்ணப்பித்து, கைரேகை பதிய நேரில் போக வேண்டும். மறுக்கப்பட்டால் கட்டணம் திரும்பாது. மாணவர் படிப்பைத் தொடர்கிறார், இந்தத் தேதியில் கல்லூரி திறக்கிறது என்று துறை தரும் கடிதமும் பெற்றோரின் ஆறு மாத வங்கிக் கணக்கும் முக்கியம். விண்ணப்பத்துக்கு முந்தைய வாரம் கடன் வாங்கிக் கணக்கில் போட்ட பெருந்தொகை உதவாது, சந்தேகத்தைத்தான் கிளப்பும்.

நம் ஊர்ச் சிக்கல் ஒன்று உண்டு. மதிப்பெண் பட்டியலில் ‘எஸ். கார்த்திகா’ என்றிருக்கும், பாஸ்போர்ட்டில் இனிஷியலை விரித்துத்தான் எழுத வேண்டும். அப்பா பெயரின் எழுத்துக்கூட்டல் ஆதாரில் ஒருவிதம், வங்கியில் வேறுவிதம் என்று இருந்தால் அலைச்சல்தான். பாஸ்போர்ட்டில் உள்ளபடியே விசா, டிக்கெட், இன்ஷூரன்ஸ் மூன்றிலும் பெயர் இருக்க வேண்டும். ஆகவே முந்தைய டிசம்பருக்குள் எல்லோர் கையிலும் பாஸ்போர்ட் இருக்கட்டும். குழுவை ஜூலையிலேயே அமைத்து, வாரம் ஒரு மணி நேரம் நூல்களைச் சேர்ந்து படிக்கத் தொடங்கினால் அவகாசம் சரியாக இருக்கும்.

செலவில் விமானமும் தங்குமிடமும்தான் பெரும்பகுதி. சமையலறை வசதியுள்ள இளைஞர் விடுதிகளில் தங்கினால் சாப்பாட்டுச் செலவு வெகுவாகக் குறையும், சைவ மாணவர்களுக்கும் கவலை இல்லை. ஏஜென்சி வழியாகத் தொகுப்பாகப் பணம் கட்டினால் டிசிஎஸ் (மூலத்திலேயே வசூலிக்கும் வரி) பிடிப்பார்கள். பெற்றோரின் பான் எண் கொடுத்திருந்தால் வருமான வரிக் கணக்கில் அதை ஈடுகட்டிக்கொள்ளலாம். மருத்துவ இன்ஷூரன்ஸ் எடுக்காமல் எந்த மாணவரையும் விமானம் ஏற்றக் கூடாது.

எவ்வளவு சிக்கனம் பிடித்தாலும் முதல் தலைமுறைப் பட்டதாரியின் குடும்பத்துக்கு இது எட்டாத தொகைதான். வகுப்பில் அந்த நூல்களை ஆழ்ந்து படித்தவர் பல நேரங்களில் அவராகத்தான் இருப்பார். துறையின் முன்னாள் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: உங்கள் கல்லூரியிலிருந்து இருபது பேர் புறப்பட்டால், அதில் இரண்டு பேரின் செலவை நீங்கள் ஏற்றுக்கொள்ளுங்கள். டிக்கெட் போடும் நேரத்தில் அல்ல, குழு அமைக்கும் ஜூலை மாதத்திலேயே அதைத் துறைத் தலைவரிடம் சொல்லிவிடுங்கள்.