புது ஆறும் கொயினாவும்

ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை பக்கம் கல்லணைக் கால்வாயை இன்னும் ‘புது ஆறு’ன்னுதான் சொல்லுவாங்க. 1934இல் மேட்டூர் அணை திறந்தபிறகு அந்தத் தண்ணீர் வானம் பார்த்த பூமியை நெல்வயலாக்கியது. கூடவே மலேரியாவும் வந்தது. பழைய டெல்டாவில் அவ்வளவாக இல்லாத காய்ச்சல் அது. ராக்ஃபெல்லர் அறக்கட்டளையைச் சேர்ந்த பால் ரஸ்ஸலும் டி. ராமச்சந்திர ராவும் பட்டுக்கோட்டை வட்டாரத்தில் அதை ஆராய்ந்தார்கள். (பயிர் ஓரடி உயர்ந்துவிட்டால் இந்தக் கொசு அந்த வயலில் முட்டையிடாது என்று கண்டுபிடித்தது அவங்கதான். நடவு நட்டவங்களுக்கு இது சுவாரஸ்யமான சேதி.)

அன்றைய முக்கிய மருந்து கொயினா, சிங்கோனா மரப்பட்டையில் எடுப்பது. நீலகிரியில் 1860களிலேயே அந்த மரத்தைப் பயிரிட்டார்கள். ஆனால் கர்ப்பிணிக்குக் கொடுக்கத் தயக்கம்: கரு கலைஞ்சிடும்னு பயம். அது வெறும் பயமும் இல்லை. கருவைக் கலைக்கவென்றே அளவுக்கு மீறி கொயினாவை விழுங்கி, கண் போனவர்களும் உயிர் போனவர்களும் பல நாடுகளில் உண்டு.

சரி, காய்ச்சலுக்கான அளவில் கொடுத்தால்? இங்கேதான் பழி இடம் மாறியது. மலேரியாக் கிருமி ஏறிய ரத்த அணுக்கள் நஞ்சுக்கொடியில் போய்த் தங்கிக்கொள்ளும். தாய்க்கு ரத்தசோகை, பிள்ளைக்கு எடைக்குறைவு, குறைப்பிரசவம். கடும் காய்ச்சலே கருப்பையைச் சுருங்கவைக்கும். மருந்து கொடுத்த மறுநாள் கரு கலைந்தால், யாரைச் சொல்லுவாங்க?

கொயினாவின் நிஜமான ஆபத்து வேறு இடத்தில் இருந்தது. அது கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்கவைக்கும். ரத்தச் சர்க்கரை சட்டென்று இறங்கும். கர்ப்பகாலத்தில் கணையம் ஏற்கெனவே கூடுதலாக வேலை செய்வதால் இன்னும் மோசம். இதில் நம்ம ஊர் ‘லங்கணம் பரம ஔஷதம்’ வேறு! காய்ச்சல்காரியைப் பட்டினி போட்டால் சர்க்கரைக்கு எங்கே போவாள்? வியர்வை, பிதற்றல், வலிப்பு, மயக்கம். மலேரியா மூளைக்கு ஏறினாலும் இதே மாதிரி மயங்கிக் கிடப்பாள் என்பதால், நோய் முற்றிவிட்டது என்றே நினைக்கத் தோன்றும்.

1980களில்தான் தாய்லாந்தில் மருத்துவர்கள் இதைப் பிரித்துக் காட்டினார்கள். 1985இல் வெளிவந்த ஆய்வில், நிறைமாதத்தை நெருங்கிய பெண்களுக்குக் கொயினாவை நரம்பில் ஏற்றியபோது கருப்பைச் சுருக்கம் கூடவில்லை. காய்ச்சல் தணியத் தணியக் குறைந்தது. ஆனால் பலருக்குச் சர்க்கரை இறங்கியது. அதற்கு வைத்தியம், சர்க்கரை அளவைப் பார்த்துக்கொண்டே குளுக்கோஸ் ஏற்றுவது.

முதல் மூன்று மாதக் கர்ப்பிணிக்குச் சாதாரண மலேரியா என்றால், உலக சுகாதார நிறுவனம் 2022 வரை பரிந்துரைத்தது கொயினாவைத்தான், கிளிண்டாமைசினோடு சேர்த்து. அதற்குப் பிறகே ஆர்டிமெதர்–லூமிஃபான்ட்ரின் அந்த இடத்துக்கு வந்தது.